எங்கே என்னும் கேள்வி: பருவநிலைக் கொள்கையும் அருகிவரும் உயிர்களும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



இவ்வாண்டுச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்தவர்கள், "சுற்றுச்சூழலைப் பற்றி எதையாவது பேசுங்கள்" என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டுப் போனார்கள். சுற்றுச்சூழல் என்பது இக்காலத்தில் எல்லாரும் ஆதரிக்கும் விஷயமாகிவிட்டது. எல்லாரும் ஆதரிக்கும் ஒன்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவது, மத்தியான உணவுக்குப் பின் கூடியிருக்கும் ஒரு சபையைத் தூங்கவைப்பதற்கு மிகச் சுலபமான மார்க்கம். ஆகையால், இயற்கையின் பக்கத்தில் நிற்பவர்கள் என்று உலகம் ஒருசேரக் கருதுகிற இரு சாரார், நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வாதியாகவும் பிரதிவாதியாகவும் எதிரெதிரே நிற்க நேர்ந்த ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு, அதன் வழியே ஒரு கருத்தை மட்டும் உங்கள் முன் வைக்கலாமென்று துணிந்தேன்.

ஒரு புறம், வெயிலிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்சாரம் எடுத்துக் கரியமிலவாயுவைக் குறைக்க உலகறிய வாக்களித்த மத்திய அரசு. மறுபுறம், நூற்றைம்பதுக்கும் குறைவாக எஞ்சிவிட்ட ஒரு பறவையினத்துக்காக வழக்காடியவர்கள். இரு தரப்பும் பேசியது தர்மமே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் இந்தத் தர்மங்கள் இரண்டுக்கும் சுபாவமான விரோதம் ஏதுமில்லை என்பதும், விரோதம் முளைப்பது இடம் குறிக்கும் காரியம் ஒன்றில்தான் என்பதும் என் அபிப்பிராயம். கரியமிலவாயு ஜெய்சல்மேரில் குறைந்தாலும் சேலத்தில் குறைந்தாலும் வானத்துக்கு வித்தியாசம் தெரியாது. ஓர் உயிரினமோ, அது பிறந்து இரை தேடி இணை சேர்ந்து முட்டையிடும் மண்ணைவிட்டு வேறெங்கும் இருக்க முடியாதது. இடம் மாறக்கூடிய ஒன்றும் இடம் மாற முடியாத ஒன்றும் ஒரே நிலத்துக்கு உரிமை கோரினால் எது விலக வேண்டும் என்பது குழந்தைக்கும் விளங்கும். விளங்கியும், நம் சட்டங்களும் திட்டங்களும் "எங்கே?" என்ற கேள்வியை எல்லாக் காரியமும் முடிந்த பிறகே கேட்கின்றன. இதையே சில பகுதிகளாக விரித்துரைக்கிறேன்.

1

கானமயில் என்றதும் நம்மில் பலர் தோகை விரிக்கும் மயிலையே நினைப்பர். நான் சொல்லும் பறவை வேறு. ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் நின்று, ஆணானால் 15 கிலோ வரை எடைகொண்டு, வெளிறிய நெடுங்கழுத்தும் கறுத்த உச்சந்தலையும் உடையதாய், மரமடர்ந்த காட்டை விரும்பாமல், கண்ணுக்கெட்டிய தூரம் திறந்து கிடக்கும் வறண்ட புல்வெளியில் வெட்டுக்கிளியும் ஓணானும் இலந்தைப்பழமும் தானியமும் தின்று திரிவது அது. பறக்கவல்ல பறவைகளுள் மிகக் கனமானவற்றில் ஒன்று. பஞ்சாபிலிருந்து தமிழகம் வரை இதற்கு ஒரு காலத்தில் வாசஸ்தலம் இருந்தது. 1969-ஆம் ஆண்டில் 1,260 என்று மதிப்பிடப்பட்ட இதன் தொகை இன்று 150-ஐ எட்டவில்லை. எஞ்சியவற்றுள் மிகப் பெரும்பாலானவை ராஜஸ்தானத்தின் ஜெய்சல்மேர் மாவட்டத்தில் இருக்கின்றன. அவ்வூரார் இதைக் கோடாவண் என்பார்கள். அம்மாநிலத்துக்கு அதுவே மாநிலப் பறவை.

பெட்டை, கூடு என்று ஒன்றைக் கட்டுவதில்லை. வெறுந்தரையில் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இட்டு, ஏறத்தாழ ஒரு மாத காலம் அடைகாக்கும். நரியோ நாயோ காகமோ அதைக் கொண்டுபோய்விட்டால் அவ்வாண்டின் சந்ததி போயிற்று. இத்தகைய ஜீவன்களின் வம்சம் நிலைப்பது முட்டைகளின் எண்ணிக்கையால் அல்லாமல் வளர்ந்த பறவைகளின் நீண்ட ஆயுளாலேயே ஆதலால், வளர்ந்த பறவை ஒன்று அகாலத்தில் மாண்டால் அந்த நஷ்டத்தை ஈடுசெய்யப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

இனி, அது மாளும் விதத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். கானமயிலின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்தவை. நாற்புறத்திலிருந்தும் வரும் பகையை மேயும்போதே அறிந்துகொள்ள இந்த அமைப்பு மிக வசதியானது. ஆனால் நேர் முன்னே இரு கண்ணும் சேர்ந்து பார்க்கும் பரப்பு குறுகியது, பறந்தபடியே தலையைத் தாழ்த்தித் தரையை நோக்கும் வேளையில் செல்லும் திசையே அதற்குப் புலப்படாமற் போகவும் கூடும். உயரப் பறக்கும் வழக்கமும் இல்லை. மின்கம்பிகள் ஓடுகிற அதே மட்டத்தில் பறக்கும். கம்பி கண்ணிற் பட்ட கணத்தில் திரும்பிவிடலாமென்றால், அந்தக் கனத்த உடல் அதற்கு இடந்தருவதில்லை. இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தார்ப் பாலையில் கம்பிகளின் கீழே நடந்து நடந்து, விழுந்து கிடந்த உடல்களை எண்ணிக் கணக்கிட்டபோது, ஏறத்தாழ 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆண்டுதோறும் 84,000 பறவைகள், பல இனங்களையும் சேர்த்து, இவ்விதம் மடிவதாக மதிப்பிட்டார்கள். கானமயில் மாத்திரம் ஆண்டுக்கு 18. நூற்றைம்பதை எட்டாத ஒரு குலத்தில் பதினெட்டு.

கம்பி மட்டுமே இந்த அழிவுக்குக் காரணம் என்று சொன்னால் அது வழக்கறிஞர் பேச்சாக முடியும். வேட்டையும், கால்வாய்ப் பாசனத்தால் புல்வெளி வயலானதும், ஊர்நாய்களின் பெருக்கமும் இப்பறவையைப் பெரிதும் குறைத்த பிறகுதான் கம்பி வந்தது. முதலில் வந்த கேடுகள் குலத்தைக் குறைத்தன. குறைந்துபோன குலத்துக்குக் கம்பி எமனாயிற்று.

இங்கே ஒரு சிறு உபகதை. தேசியப் பறவை எது என்ற யோசனை எழுந்த காலத்தில், பறவையியல் மேதை சாலிம் அலி கானமயிலையே சிபாரிசு செய்தார். 1963-இல் அந்தப் பட்டம் மயிலுக்குப் போயிற்று. பின்னர், 2020 பிப்ரவரியில், வலசை போகும் விலங்கினங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையின் மாநாடு குஜராத்தின் காந்திநகரில் கூடியபோது, கானமயிலின் உருவத்தைப் பொம்மையாக்கி, 'கிபி' என்று செல்லப் பெயரிட்டு, மாநாட்டுச் சின்னமாக நிறுத்தினார்கள். அந்தச் சமயம் குஜராத்தின் கட்சுப் பகுதியில் ஆண் பறவையே காணக் கிடைக்காமல் சில பெட்டைகள் மட்டுமே மிஞ்சியிருந்தன. நம் தேசத்தில் மரியாதைக்குப் பஞ்சமில்லை.

2

வழக்கின் விருத்தாந்தத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கியவர்களுள் முதன்மையானவராகிய எம். கே. ரஞ்சித்சிங், தம் முதிய வயதில், 2019-இல், உச்ச நீதிமன்றத்தை அணுகினார். அரசுப் பணியிலிருந்தபோது தாம் ஆக்கித் தந்த சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரசோடு அவர் வழக்காட வேண்டியிருந்தது கவனிக்கத்தக்கது. 2021 ஏப்ரல் 19 அன்று நீதிமன்றம், கானமயில் வாழும் பிரதேசங்களிலும் வாழக்கூடிய பிரதேசங்களிலும் மேலே செல்லும் கம்பிகளை, சாத்தியமான இடங்களிலெல்லாம், நிலத்தடிக்குக் கொண்டுபோகும்படியும், அதுவரை பறவைகளின் கண்ணில் படும்படியான எச்சரிக்கைத் தகடுகளைக் கம்பிகளில் தொங்கவிடும்படியும் உத்தரவிட்டது. அந்த உத்தரவு தழுவிய பரப்பு ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டர்.

மின்துறையும் மரபுசாரா எரிசக்தித் துறையும் சுற்றுச்சூழல் துறையும் ஒன்றுகூடி இதை மாற்றக் கோரின. உயர் அழுத்தக் கம்பிகளை மண்ணுக்குள் புதைப்பது பொறியியல் முறையில் எளிதன்று, செலவோ பன்மடங்கு, மேலும் நாட்டின் சூரிய சக்தி வளத்தில் பெரும்பகுதி அப்பாலையிலேயே இருக்கிறது, 2030-க்குள் புதைபடிவ எரிபொருள் சாராத 500 கிகாவாட் மின்திறன் என்று உலக நாடுகள் முன் சொன்ன சொல்லை எப்படிக் காப்பது என்பது அவர்களது வாதம். 2024 மார்ச் 21-இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு முந்தைய உத்தரவைத் திருத்தி, நிபுணர் குழு ஒன்றை அமைத்து, ராஜஸ்தானில் 13,163, குஜராத்தில் 500 சதுர கிலோமீட்டர் கொண்ட முன்னுரிமைப் பகுதிகள் எவ்விதம் காக்கப்பட வேண்டுமென்று ஆராயச் சொல்லிற்று. பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளினின்று விடுபட்டு வாழும் உரிமை அரசியலமைப்பின் 14, 21-ஆம் பிரிவுகளில் அடங்கியிருக்கிறது என்று அறிவித்ததும் அந்தத் தீர்ப்பே. இந்தியச் சட்டவரலாற்றில் அது ஒரு மகத்தான வாக்கியம். கானமயிலுக்கு எதிரான மனுவின்மீது அது பிறந்தது என்பது விதியின் விளையாட்டு.

2025 டிசம்பரில் குழுவின் பரிந்துரைகளை ஏற்றுப் பிறந்த தீர்ப்பு, முன்னுரிமைப் பகுதிகளை ராஜஸ்தானில் 14,013, குஜராத்தில் 740 சதுர கிலோமீட்டர் என்று வரையறுத்து, அவற்றுக்குள் புதிய காற்றாலைகள் வேண்டாம், பெரிய சூரிய மின்நிலையங்கள் வேண்டாம், மேலே செல்லும் புதுக் கம்பிகள் ஒதுக்கப்பட்ட தடங்களில் மட்டுமே செல்லலாம் என்று வகுத்தது. ஆக, ஆறு ஆண்டுகள் வாதிட்டபின் நாம் வந்து சேர்ந்தது ஒரு வரைபடத்துக்கு. அந்த வரைபடத்தை முதல் கம்பத்துக்குக் குழி தோண்டுமுன்பே எழுதியிருக்கலாகாதா என்பதே என் வினா. பறவை எங்கே இருந்தது என்பது அப்போதும் யாருக்கும் இரகசியமாக இருக்கவில்லை.

3

அந்த வரைபடத்தை எழுதாமற் போனது யாருடைய துர்ப்புத்தியாலும் அன்று. சூரிய மின்நிலையம் அமைக்க முனையும் ஒரு முதலாளி தம் மேஜைமீது என்னென்ன காகிதங்களை விரிக்கிறார் என்று பார்த்தால் காரணம் புலனாகும்.

முதலில், வெயில் எங்கே மிகுதி என்று காட்டும் வரைபடம். தார்ப் பாலை அதில் செக்கச் சிவந்து கிடக்கும். அடுத்து, நிலம் எங்கே மலிவாயும் வில்லங்கமின்றியும் கிடைக்கும் என்பதற்கு வருவாய்த் துறைப் பதிவேடு. மத்திய அரசு சில ஆண்டுகள் இடைவிட்டு வெளியிட்டு வரும் தரிசுநிலப் படத்தொகுதியில், புதர் படர்ந்த வெளிகளும் மேய்ச்சல் தரைகளும் பாலை மணற்பரப்பும் தரிசு என்றே கணக்காகியிருக்கின்றன. வரி வசூலிப்பதற்காக நிலத்தைத் தரம் பிரித்த வெள்ளைக்காரத் துரைத்தனத்துக்கு, தீர்வை தராத பூமி வீண் பூமியாகத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. சுதந்தரம் வந்து முக்கால் நூற்றாண்டு ஆனபின்பும் அதே கண்ணால் நாம் பார்க்கிறோம். ஜெய்சல்மேர்க் கிராமங்களில் ஓரண் என்று வழங்கும், தெய்வத்துக்கு விட்ட வெளிகள் இருக்கின்றன. மரக்கிளை ஒடிக்கவும் அங்கே ஊரார் அஞ்சுவர், ஆடுமாடும் ஒட்டகமும் மேயும், கானமயிலும் அங்கே வரும். பதிவேட்டில் அவற்றுள் பல தரிசு.

மூன்றாவது காகிதம் நம் கவனத்துக்கு அதிகம் வராதது. ஆனால் மூன்றிலும் வலிமை மிக்கது அதுவே என்பேன். மாநிலம் விட்டு மாநிலம் மின்சாரம் கொண்டுசெல்லும் கட்டணத்தை, 2025 ஜூன் 30-க்குள் இயங்கத் தொடங்கும் சூரிய, காற்று மின்நிலையங்களுக்கு மத்திய அரசு தள்ளுபடி செய்திருந்தது. புதுத் தொழிலை ஊக்குவிக்க எழுந்த நல்லெண்ணமே அது. அதன் பலனோ, ஆயிரம் மைல் தூரத்துக்கு மின்சாரம் அனுப்புகிறவனுக்கும் பக்கத்து ஊருக்கு அனுப்புகிறவனுக்கும் கம்பிக் கூலியில் பேதமில்லாமற் போயிற்று. தூரத்துக்கு விலையில்லையென்றால் எல்லாரும் வெயில் மிகுந்த ஒரே மூலைக்குத்தானே ஓடுவர்? அன்று ஜோத்பூர் மாவட்டத்தில் இருந்த பாட்லாவில் 2,245 மெகாவாட் சூரியப் பூங்கா எழுந்தது. அப்பாலையில் மேன்மேலும் நிலையங்கள் வந்தன. நிலையத்தைவிட நிலையத்திலிருந்து புறப்படும் கம்பியே பறவைக்கு ஆபத்து என்பதால், தூரத்தின் விலையை நீக்கிய காகிதம் கானமயிலின் தலையெழுத்தையும் எழுதியது.

நான்காவதாக ஒரு காகிதம் மேஜைமீது இருந்திருக்க வேண்டும், அது இல்லை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் சூரிய ஒளி மின்நிலையங்களும் காற்றாலைகளும் சேரவில்லை. மின்சாரம் கடத்தும் கம்பிகளும் சேரவில்லை. அனல்மின் நிலையத்துக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு, நிபுணர் பரிசீலனை உண்டு. சூரிய மின்நிலையத்துக்கு, அது புகை கக்காது என்ற நற்சான்று ஒன்றே போதுமாயிருக்கிறது. புகையை அளப்பதற்கு ஏற்பட்ட சட்டத்தைக் கொண்டு இடத்தை அளக்க முயன்றால் இப்படித்தான் ஆகும்.

4

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அதை நான் அலட்சியம் செய்யவில்லை. "ஐயா, பூமி இப்படிச் சூடேறிக்கொண்டே போனால் உம்முடைய கானமயில் மட்டுமென்ன, ஆயிரம் இனங்கள் அழியுமே, சில பறவைகளைப் பார்த்துக் கொள்கையைத் தாமதிக்கலாமா?" என்பது அந்த ஆட்சேபம்.

அதில் உண்மை உண்டு என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் வடகோடியில், டாரஸ் ஜலசந்தியில், பிரம்பிள் கே என்று ஒரு மணல்திட்டு இருக்கிறது. நாலைந்து ஹெக்டேர் பரப்பு, அலைக்கு மேல் மூன்று மீட்டர் உயரம். உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் எலியினம் அதில் வாழ்ந்தது. கடல் பொங்கி அத்திட்டை மறுபடி மறுபடி மூழ்கடித்தது, செடிகொடிகள் அழிந்தன. 2009-க்குப் பிறகு அதைக் கண்டவரில்லை. 2019 பிப்ரவரியில் அந்நாட்டு அரசு அவ்வினம் அழிந்ததென அறிவித்தது. மனிதன் உண்டாக்கிய பருவநிலை மாற்றத்தால் அற்றுப்போன முதல் பாலூட்டி என்று பலரும் அதையே குறிக்கிறார்கள். அதைக் காக்க 2008-இலேயே ஒரு மீட்புத் திட்டம் எழுதிவைக்கப்பட்டிருந்தது! கடல்மட்டத்தின்மீது அந்தத் திட்டத்துக்கு என்ன அதிகாரம்?

அமெரிக்காவிலோ வேறொரு காட்சி. 2008 மே மாதத்தில் பனிக்கரடியை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலில் சேர்த்த அந்நாட்டு உள்துறைச் செயலர், கடற்பனி உருகுவதே காரணம் என்று ஒப்புக்கொண்ட கையோடு, இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு கரியமிலவாயுவைக் கட்டுப்படுத்த விடமாட்டோம் என்றும் விதி செய்தார். அதைக் கபடம் என்றவர்கள் உண்டு. எனக்கும் அது முழு நேர்மையாகப் படவில்லை. ஆயினும் அதில் ஒரு நியாயம் இல்லாமலில்லை. எந்த ஊர்ப் புகைபோக்கி எந்தக் கரடியின் பனியை உருக்கிற்று என்று எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்க முடியாது. பனிக்கரடியின் பகை வானம் முழுவதும் பரவியது. அதற்குப் பரிகாரம் பருவநிலைக் கொள்கை ஒன்றே. கானமயிலின் பகையோ இந்த ஊர், இந்தத் தடம், இத்தனையாவது கம்பம் என்று விரல் நீட்டிக் காட்டக்கூடியது. வானத்தின் நோய்க்குக் கொடுக்கும் மருந்தை இந்தக் கம்பத்தில்தான் கட்டித் தொங்கவிட வேண்டுமென்று எந்த வைத்திய சாஸ்திரமும் சொல்லவில்லை.

ஆகவே, "பறவையா, பூமியா?" என்று கேட்கிறவர்களிடம் நான் கேட்பதெல்லாம், மின்சாரத்தின் அளவில் ஒரு யூனிட்டையும் குறைக்காமல் இடத்தை மட்டும் மாற்ற என்ன தடை என்பதுதான். ஒரு கோடி வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடு பதிக்க 75,021 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை 2024 பிப்ரவரியில் மத்திய அரசே அறிவித்திருக்கிறது. வீட்டுக் கூரையில் கானமயில் முட்டையிடுவதில்லை. கூரைகளால் மட்டும் தேசத்தின் தேவை தீராது என்பதும் உண்மையே. பெரிய நிலையங்கள் வேண்டியே இருக்கும். தார்ப் பாலையின் மொத்தப் பரப்போடு ஒப்பிட, பதினாலாயிரம் சதுர கிலோமீட்டரை விட்டுக்கொடுப்பது பொறுக்கமுடியாத தியாகமாகாது.

"பறவையை வேறிடத்தில் வளர்த்துக்கொள்ளலாமே" என்பவர்களும் இருக்கிறார்கள். ஜெய்சல்மேர் அருகே சம் என்ற ஊரில் 2019 முதல் காட்டிலிருந்து எடுத்துவந்த முட்டைகளைப் பொரிக்கச் செய்து வளர்க்கிறார்கள். 2024-இல் செயற்கைக் கருவூட்டலால் ஒரு குஞ்சும் பிறந்திருக்கிறது. அந்த விஞ்ஞானிகளின் பொறுமைக்கு நம் வணக்கம் உரியது. என்றாலும், வளர்த்த பறவையை ஒருநாள் வெளியே விட வேண்டுமல்லவா? கம்பியில்லாத வெளி எங்கே என்று அப்போதும் தேடத்தான் வேண்டும்.

5

இதுவரை பாலைவனத்தைப் பற்றியே பேசியதால், இது வடநாட்டுச் சமாசாரம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நம் நீலகிரியிலும் பழனிமலையிலும், கம்பிக்குப் பதில் மரத்தைக் கொண்டு, இதே பிழை நிகழ்ந்திருக்கிறது.

நீலகிரியின் உச்சிகளில், மடிப்புகளில் சோலையும் மேடுகளில் புல்வெளியுமாக இருந்த அமைப்பைக் கண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேயருக்கு, மரமில்லாத மேடுகள் குறையாகப் பட்டன. யூகலிப்டஸும், சீகை என்று மலைவாசிகள் அழைக்கும் ஆஸ்திரேலிய வாட்டில் மரமும் அங்கே வந்தன; சுதந்தரத்துக்குப் பிறகு, தோல் பதனிடும் பட்டைக்காகவும் செயற்கை இழை ஆலைகளின் கூழுக்காகவும் நம் அரசே அவற்றை இன்னும் விரிவாக நட்டது. வரையாடு என்னும் நம் மாநில விலங்கு புல்வெளியையும் செங்குத்துப் பாறையையும் நம்பி வாழ்வது. வாட்டில் மூடிய மேட்டில் அதற்கு இரையில்லை. இன்று அதைக் காக்க 25 கோடி ரூபாயில் தனித் திட்டம் நடத்தும் அரசு, அன்று நட்ட மரத்தை இன்று வெட்டிக்கொண்டிருக்கிறது.

பழங்கதையை நான் எடுத்ததற்குக் காரணம் உண்டு. 2030-க்குள் மரங்களால் 250 முதல் 300 கோடி டன் கரியமிலவாயுவைக் கூடுதலாக உறிஞ்சவைப்போம் என்பது பாரிஸ் உடன்படிக்கையின்கீழ் இந்தியா கொடுத்த வாக்கு. எது காடு என்பதற்கு அரசின் வன அறிக்கை கொள்ளும் இலக்கணமோ, ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் மரநிழல் இருந்தால் போதும், மரம் எதுவாயினும் நிலம் யாருடையதாயினும் கவலையில்லை என்பது. இந்த இலக்கணப்படி வாட்டில் தோட்டம் காடு. வரையாட்டின் புல்வெளி காடன்று. சுரங்கத்துக்கும் அணைக்கும் காட்டை இழந்து, ஈட்டுக்கு மரம் நட நிலம் தேடும் அதிகாரியின் கண்ணில் முதலில் படுவதும் மரமில்லாத வெளியே. புல்வெளி கரியைத் தன் வேரிலும் மண்ணிலும் சேமிக்கிறது என்று அறிவியலார் சொல்லிவருகிறார்கள். அறிக்கையில் மரமே கண்ணுக்குத் தெரிகிறது.

தார்ப் பாலையும் நீலகிரி மேடும் இத்தனை தூரத்தில் இருந்தும் ஒரே விதமாய் நஷ்டப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். இரண்டும் திறந்த வெளிகள். காட்டை வெட்டினால் கேட்க ஆள் இருக்கிறது; புல்லை மூடினால் பாராட்டு விழா நடக்கிறது.

6

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? நீண்ட பட்டியல் ஒன்றை நான் கொண்டுவரவில்லை. மூன்று காரியங்கள், அவையும் ஒன்றையொன்று சார்ந்தவை.

மின்நிலையத்தை ஒவ்வொன்றாகப் பரிசீலிப்பதைவிட, ஒரு பிரதேசம் முழுமைக்கும், ஏலம் விடுமுன், எங்கே வரலாம் எங்கே வரலாகாது என்ற வரைபடத்தை அரசு தன் செலவில் தயாரித்து வெளியிட வேண்டும். இதனால் முதலாளிக்கும் நன்மையே. 2021-இல் உத்தரவு வந்தபோது பாதிக் கட்டி நின்ற நிலையங்களின் சொந்தக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அடுத்து, நிலையத்தை முதலில் நிறுத்திக் கம்பியைப் பிறகு யோசிக்கும் வழக்கம் மாறி, கம்பியின் தடம் முதலில் தீர்மானமாக வேண்டும். மூன்றாவதாக, தூரத்துக்கு மீண்டும் ஒரு விலை வேண்டும். தள்ளுபடி படிப்படியாகக் குறைந்துவருவது நல்ல சகுனம். ஆனால் அதைக் குறைத்தவர்கள் கானமயிலை எண்ணிக் குறைக்கவில்லை, கஜானாவை எண்ணிக் குறைத்தார்கள். கஜானா நிறைந்த ஆண்டில் சலுகை திரும்பி வரும் என்ற பயம் எனக்கு இருக்கிறது.

எச்சரிக்கைத் தகடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பியில் இடையிட்டுத் தொங்கவிடும் அந்தத் தகடுகள் மோதலைக் குறைக்கும், ஒழிக்கமாட்டா. இரவிலும் பனிமூட்டத்திலும் அவற்றால் பயன் குறைவு. வேறு வழியில்லாத இடத்தில் அவற்றைப் பொருத்துவது சரி. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைத் தட்டிக்கழிக்க அவற்றைக் காட்டுவது சரியன்று.

இதெல்லாம் காலங்கடந்த யோசனை என்று மாணவர்கள் சிலர் நினைக்கலாம். தார்ப் பாலையைப் பொறுத்தமட்டில் பெரும்பகுதி அப்படித்தான். ஆனால் நம் கடற்கரையில் இன்னும் காலம் இருக்கிறது. கடலுக்குள் காற்றாலை நிறுவ 7,453 கோடி ரூபாய் உதவித் திட்டத்தை 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஏற்றது. குஜராத்துக் கடலில் 500 மெகாவாட், தமிழகக் கடலில் 500 மெகாவாட் என்பது அதன் கணக்கு. நம் பக்கத்தில் கருதப்படும் இடம் மன்னார் வளைகுடாப் பகுதி. அதற்கு வடக்கே, பாக் விரிகுடாவில், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர்க் கடலைக் கடற்பசுவின் காப்பிடமாகத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் அறிவித்திருக்கிறது. கடற்பசுவும் கானமயிலைப் போன்றதே: மெதுவாகப் பெருகும், ஒரு தடவையில் ஒரு கன்று, கடற்புல் இருக்குமிடத்தில் மட்டுமே மேயும். அறிவித்த எல்லைக்குள்ளேயே அது இருந்துகொள்ளும் என்று யாரும் உத்தரவாதம் தர இயலாது. மன்னார் வளைகுடாவிலும் கடற்புல் இருக்கிறது, கடற்பசுவும் இருக்கிறது.

காற்றாலை வரட்டும், அந்தக் கடலின் காற்று வீணாவதில் எனக்குச் சந்தோஷமில்லை. ஆனால் கம்பம் ஊன்றும் இடம், கடலடியில் மின்வடம் கரையேறும் தடம், வேலை நடக்கும் மாதங்கள் ஆகிய மூன்றும் ஏலத்துக்கு முன்பே, கடற்புல் படுகைகளின் வரைபடத்தின்மேல் வைத்துப் பார்க்கப்பட வேண்டும். அந்த வரைபடத்தில் பாதி ஆய்வகங்களில் இருக்கிறது. மறுபாதி, வலையில் சிக்கும் கடற்பசுவை வலையை அறுத்து விடுவித்துப் பழகிய கரையோர மீனவர்களிடம் இருக்கிறது. அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கும் கூட்டத்துக்கு அடிக்கல் நாட்டு விழாவுக்கு முந்திய ஒரு தேதி குறிக்கும்படி அரசுக்கு விண்ணப்பம் எழுத, இக்கல்லூரியின் கடல்சார் படிப்பு மாணவர்கள் முன்வருவார்களானால், வரைவை அவர்களோடு உட்கார்ந்து எழுத நான் சித்தமாயிருக்கிறேன்.